பிடித்த மாநிலத்தைச் சொல்லுங்கள்

சுவிஸின் டாவோசில் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் அழுக்குத் துணிக்கும் ஓர் அட்டவணை உண்டு. நிலக்கீழ்ச் சலவை அறையின் கதவில் தொங்குகிறது. எங்கள் வீட்டுக்கு ஒன்றுவிட்டு ஒரு வியாழன், காலை ஏழிலிருந்து நண்பகல் வரை. முறை முடிந்ததும் இயந்திரத்தின் ரப்பர் விளிம்பைத் துடைத்து, சாவியை அடுத்த வீட்டில் கொடுத்துவிட வேண்டும். வந்த புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு சட்டைகளைத் துவைத்துவிட்டேன். அட்டவணையைப் பராமரிக்கும் கீழ்வீட்டு ஃப்ராவ் ஹூபர் மேலே வந்து மணியடித்து, "இன்றைக்கு வெள்ளி" என்று மட்டும் சொன்னார். நான் நன்றி சொன்னேன். கிழமையை ஞாபகப்படுத்த வந்தார் என்றே நினைத்தேன்.

அட்டவணைகளோடு எனக்குப் பகையில்லை. யாழ்ப்பாணத்தில் படவரைஞர் பயிற்சி முடித்தவள். கோடு போட்டுக் கட்டம் கட்டினால்தான் எனக்கு எதுவும் விளங்கும். இங்கே ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவுகிறேன். சூரிச்சில் ஒரு வரைபட அலுவலகத்தில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டு விசாரித்தபோது, என் அகதி விண்ணப்ப அட்டையில் கிரவ்புண்டன் மாநிலம் என்று எழுதியிருப்பதைக் காட்டினார்கள். வேறு மாநிலத்துக்குப் போக முடியாது. துணிக்கு வியாழன், எனக்குக் கிரவ்புண்டன்.

அப்படியிருக்கும்போதுதான் பனி கொட்டிய சென்ற மாரியில் அம்மாவின் கடிதம் வந்தது. பக்கத்து ஊர்ச் சிவநேசன் என்பவர் அமெரிக்காவில் இருக்கிறாராம், சாதகம் பொருந்திவிட்டதாம். கூடவே அவர் இங்கே என்னோடிருக்கும் அண்ணனுக்கு எழுதிய கடிதமும், சிவப்புக் கார் ஒன்றில் சாய்ந்து நிற்கும் படமும். கடிதம் நல்ல கையெழுத்தில் இருந்தது. ஒரு வரியை அண்ணன் இரண்டு தரம் வாசித்தார்: "உங்கள் தங்கைக்குப் பிடித்த மாநிலத்தைச் சொல்லுங்கள். அங்கேயே வீடு எடுக்கிறேன்."

எங்களோடு ஒரே வீட்டில் இருக்கும் தேவன் அண்ணை, ஹோட்டலில் யாரோ விட்டுப்போன அமெரிக்க வரைபடம் ஒன்றைக் கொண்டுவந்து குசினிச் சுவரில் ஒட்டினார். ஒரு கிழமையாக, ஏழு நாளும், வீட்டில் வேறு கதையில்லை.

"கலிபோர்னியா எண்டு எழுதிவிடு. பனி இல்லை. சும்மா சேட்டோட திரியலாம்" என்றார் தேவன் அண்ணை.

"அங்க நிலம் நடுங்குமாம். நியூயோர்க் எண்டால் எங்கட சனம் இருக்கு. ஒரு அந்தரம் ஆபத்துக்கு ஆரிட்டப் போறது?" என்றார் அண்ணன்.

"எங்கட சனம் இருக்கிற இடத்துக்கு ஆரும் விரும்பிப் போவினமோ? உன்னோட இருந்தே நான் படுறது காணாதோ?" என்றார் தேவன் அண்ணை.

டெக்சாசின் வெயில் நம்மூர் வெயில் போல என்றும், புளோரிடாவில் மாமரம் நிற்கிறது என்றும் இருவரும் மாறி மாறி வாதாடினார்கள். இருவரும் அமெரிக்காவை விமானத்திலிருந்துகூடப் பார்த்ததில்லை. நான் தாளில் கட்டம் போட்டேன். பனி, தேங்காய், கோயில், கார் இல்லாமல் கடைக்குப் போகலாமா, வரைபட வேலை கிடைக்குமா. புளோரிடா முன்னுக்கு வந்தது. உண்மையைச் சொன்னால், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஐம்பது மாநிலங்களை ஒருவர் என் முன்னே பரப்பிவிட்டு எடுத்துக்கொள் என்கிறார்.

அந்த வியாழன் உடுப்புகளை இயந்திரத்தில் போட்டுவிட்டு, கட்டம் போட்ட தாளைச் சலவை அறை மேசையில் விரித்து வைத்திருந்தேன். உள்ளே வந்த ஃப்ராவ் ஹூபர் தாளைப் பார்த்துவிட்டு, விடுமுறைக்குப் போகிறாயா என்றார். இல்லை, கல்யாணம் என்றேன் என் அரைகுறை ஜெர்மனில். அவர் முகம் மலர்ந்து, மாப்பிள்ளை எப்படிப்பட்டவர் என்று கேட்டார். இன்னும் பார்க்கவில்லை என்றேன். தன் காதில் பிழையோ என் ஜெர்மன் பிழையோ என்பதுபோல நின்றார்.

"அவர் எந்த ஊரில் இருக்கிறார்?"

"அதைத்தான் நான் தெரிவு செய்ய வேண்டும்."

"இல்லை. இப்போது எங்கே இருக்கிறார்?"

என் தாளைப் பார்த்தேன். அதில் அப்படியொரு கட்டமே இல்லை.

ஒழுங்கான வேலையும் வதிவிட அனுமதித் தாளும் உள்ள மனிதன், அந்நியப் பெண்ணொருத்தி சொல்லும் மாநிலத்துக்கு எப்படிப் பெயர்ந்து போவான்? எங்கும் கட்டிப்போடப்படாதவன்தானே அப்படி எழுத முடியும்? மேலே வந்து கடிதத்தை மறுபடியும் வாசித்தேன். தெருப்பெயர் இல்லை. வேலை "நல்ல வேலை" என்று மட்டும் இருந்தது. கடிதம் ஊர் வழியாகச் சுற்றி வந்ததால் அவர் ஒட்டிய முத்திரையும் இல்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துப் படத்தைப் பார்த்தேன். காரின் இலக்கத் தகட்டில், இலக்கங்களுக்கு மேலே சிறிய எழுத்தில் ஒரு பெயர்: ஒன்ராறியோ.

தேவன் அண்ணை சுவர் வரைபடத்தில் கிழக்கிலிருந்து மேற்காக விரலால் தேடினார். "இப்பிடி ஒரு மாநிலம் இல்லையே பிள்ளை." பிறகு விரல் பெரிய ஏரிகளில் போய் நின்றது. அவற்றில் ஒன்றுக்கு அந்தப் பெயர் இருந்தது. ஏரிக்கு வடக்கே வரைபடத்தில் ஒன்றுமே இல்லை. தெருவில்லை, ஊரில்லை, வெறும் வெள்ளைத் தாள். கனடா என்று மட்டும் போட்டிருந்தது.

"எங்கட ஆக்களுக்கு எல்லாம் அமெரிக்காதானே" என்று அண்ணன் சமாளித்தார்.

"அப்ப ஏன் மாநிலம் கேட்டவர்?" என்றேன். நானே அவருக்கு எழுதப்போவதாகவும் சொன்னேன்.

"பொம்பிளை கேள்வி எழுதி அனுப்புறதோ? அவையள் என்ன நினைப்பினம்?" என்றார் அண்ணன்.

"நினைக்கட்டும் அண்ணை. நீங்கள் முகவரியை எடுத்துத் தாங்கோ."

ஒன்பது கேள்விகள் எழுதினேன். எங்கே இருக்கிறீர்கள், என்ன வேலை, கையில் என்ன தாள், கார் யாருடையது. இலக்கமிட்டு, பதிலுக்கு இடம் விட்டு அனுப்பினேன்.

ஆறு கிழமையின் பின் என் பெயருக்கே பதில் வந்தது. விட்ட இடங்களிலேயே நிரப்பியிருந்தார். இருப்பது ரொறன்ரோ. வேலை உணவகக் குசினியில். அகதி விண்ணப்பம் விசாரணையில். கார் முதலாளியுடையது. அமெரிக்கா என்று முதலில் சொன்னது அவருடைய தாயார், அவர் திருத்தவில்லை. எல்லை கடந்து அமெரிக்காவுக்குப் போய்விடலாம் என்ற எண்ணமும் இருந்ததாம். இன்னும் எந்த இடமும் தன்னுடையதாகாதபடியால் எங்கே என்றாலும் ஒன்றுதான் என்று எழுதியிருந்தார். அதன் கீழே, பத்தாவது இலக்கம் போட்டு, அவருடைய கேள்வி ஒன்று:

"நீங்கள் சுவிஸில் ஒரு கந்தோரில் படம் வரைவதாக உங்கள் அம்மா சொன்னார். அவர் அனுப்பிய போட்டோவில் உங்கள் கோட்டு மிக நன்றாக இருக்கிறது. அதற்குக் கீழே தெரியும் வெள்ளைச் சப்பாத்து, வழுக்காத ரப்பர் அடி வைத்தது. நானும் அதைத்தான் போடுகிறேன். நீங்கள் எந்தக் குசினியில்?"

அந்தப் படம் எனக்கு நன்றாக ஞாபகம். அம்மாவுக்கு அனுப்பவென்று ஹோட்டல் வாசலில் எடுத்தது. கோட்டு, என்னோடு வேலை செய்யும் போர்த்துக்கேயப் பெண்ணுடையது. இடைவேளை பத்து நிமிடம்தான்; சப்பாத்து மாற்ற நேரமில்லை. கந்தோர், அலுவலகம் என்று சொன்னது என் அம்மா. நானும் திருத்தவில்லை.

பதில் எழுதினேன்: "டாவோசில். கோப்பை கழுவுகிறேன்." அதற்கு மேல் ஓம் என்றும் எழுதவில்லை, இல்லை என்றும் எழுதவில்லை. அவர் நிரப்பிய ஒன்பது பதில்களையும் இன்னும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன். ரொறன்ரோவில் இருக்கும் என் வகுப்புத் தோழி ஒருத்தியிடம் முகவரியைக் கொடுத்து, போய்ப் பார்த்து எழுதும்படி கேட்டிருக்கிறேன். இதை வாசிக்கும் பெண்களுக்கு ஒன்று சொல்வேன். படத்தில் முகத்தைக் கடைசியாகப் பாருங்கள். அதற்கு முன் உங்கள் படத்தையும் ஒரு தரம் பாருங்கள்.

சுவரில் வரைபடம் இன்னும் இருக்கிறது. தேவன் அண்ணை மூக்கை உறிஞ்சியபடி கலிபோர்னியாவைப் பார்த்துத் தேநீர் குடிப்பார். ஏரிக்கு வடக்கே, வெள்ளைத் தாளில், நான் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்திருக்கிறேன். யாரும் கேட்கவில்லை.

போன வியாழன் ஃப்ராவ் ஹூபர் அடுத்த அரையாண்டுக்கான அட்டவணையைத் தொங்கவிட்டிருந்தார். ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் கட்டத்தில் தாங்களே பெயரை எழுத வேண்டும்.

"அமெரிக்காவா?" என்று கேட்டார்.

"இல்லை."

"அப்படியானால் இங்கேதான்."

அவர் நீட்டிய பேனாவை வாங்கினேன். பிறகு பேனாவை நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு, என் பென்சிலை எடுத்து, எழுத்து நன்றாகத் தெரியும்படி, ஆனால் அழுத்தாமல், என் பெயரை எழுதினேன்.