ஒரு முழுக்கு

கல்கத்தாவில் வீடு வைத்திருப்பவனுக்கு ஊரில் இருக்கிற அத்தனை பேரும் நெருங்கின சொந்தம். காசி, கயா எல்லாம் முடித்துவிட்டு பவானிபூரில் எங்கள் பிளாட்டில் வந்து இறங்குவார்கள். குளித்து, ரசம் சாதம் சாப்பிட்டு, ஏப்பம் விட்ட கையோடு கேட்பார்கள்: "மடத்துக்கு எப்ப போறோம்?" மடம் என்றால் நகரத்துக்கு வடக்கே கங்கைக் கரையில் இருக்கிற தலைமை மடம். நாடு முழுக்க அதற்குக் கிளைகள் உண்டு. எங்கெங்கிருந்தோ வந்து அந்த மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போகிறார்கள். செருப்பை எங்கே விடுவது, எந்தப் புல்வெளியில் உட்காரக்கூடாது, மத்தியானம் எப்போது கதவைச் சாத்துவார்கள் என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். பக்தியால் வந்த அறிவு இல்லை. பேங்கிலிருந்து ரிடையர் ஆனவனுக்கு வேறு என்ன வேலை என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டதால் வந்தது.

என்னை இழுத்துக்கொண்டு போக இன்னொரு காரணமும் இருந்தது. அந்த மடத்தில் என் தம்பி சாமியார்.

என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். நியூ டவுனில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, அங்கேயே பிளாட்டுக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது, பெண் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மடத்துக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பினான். அடுத்த ஞாயிறும் போனான். பிறகு ஒரு நாள் போனவன் வரவில்லை. இது நடந்து பதினோரு வருஷம் ஆகிறது. அழுவதா கோபப்படுவதா என்று நான் தீர்மானிப்பதற்குள் சொந்தக்காரர்கள் எல்லாரும் "கொடுத்து வச்ச குடும்பம்" என்று வாழ்த்தித் தள்ளிவிட்டார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளை யாரும் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

தம்பிக்குத் தமிழ், வங்காளி, ஹிந்தி, இங்கிலீஷ் நாலும் வரும் என்பதால் யாத்ரிகர்களுக்கான விசாரணை மேஜையில் உட்கார வைத்தார்கள். கோயிலுக்குப் போகிற பாதையில், படித்துறைக்கு எதிரே ஒரு சின்னக் கூரை, அதன் கீழே மேஜை. ஆரத்தி எத்தனை மணிக்கு, கழிப்பறை எங்கே, கிச்சடி பிரசாதத்துக்கு டோக்கன் எங்கே வாங்குவது என்று உலகமே அவனிடம் கேட்கும். எல்லாருக்கும் பதில் சொல்வான். எங்களைக் கண்டால் மட்டும் ஒரு தலையசைப்பு. பூர்வாசிரமம் என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அந்தப் பழைய வீட்டைச் சேர்ந்தவர்கள் நாங்கள். என்னை "நீங்க" என்றுதான் கூப்பிடுவான்.

அம்மா இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். மாதத்துக்கு ஒரு தடவை, முழங்கால் வலியோடு, என்னைக் கூட்டிக்கொண்டு மடத்துக்கு வருவாள். அந்த விசாரணை வரிசையில் குஜராத்திக்காரர்களுக்கும் ஒடியாக்காரர்களுக்கும் நடுவில் நிற்பாள். தன் முறை வந்ததும் கேட்பாள்:

"ஆரத்தி எத்தனை மணிக்கு?"

அவன் நேரத்தைச் சொல்வான். அம்மா "சரி" என்று நகர்ந்துவிடுவாள். அவ்வளவுதான் தாயும் பிள்ளையும் பேசிக்கொண்டது. ஆரத்தி நேரம் அவளுக்கு மனப்பாடம். ஒரு சித்திரை மாதம் மட்டும் அவன் நேரத்தைச் சொல்லிவிட்டு, "வெயில்ல நிக்காதீங்கோ" என்றானாம். திரும்பி வரும்போது டாக்ஸியில் அதையே நாலு தடவை சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவளை வரிசையில் நிற்க வைத்துவிட்டு வெயிலைப் பற்றி விசாரிக்கிறானாம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவனுக்குக் காவி கொடுத்தார்கள். அதற்கு முன் தனக்குத் தானே சிராத்தம் செய்துகொள்ள வேண்டும், செத்தவன் கணக்கு என்று காரியம் செய்துவைக்கிற எங்கள் வாத்தியார் அம்மாவிடம் சொல்லிவிட்டார். "அப்போ நான் போனா?" என்று அம்மா கேட்டாள். தீட்டு கிடையாது, கர்மா கிடையாது, தாயார் தகப்பனார் போன சேதி காதில் விழுந்தால் உடுத்தின துணியோடு ஒரு முழுக்கு, அதோடு சரி என்றார் வாத்தியார். அம்மா, "அதாவது இருக்கே" என்றாள்.

போன வருஷம் குளியலறையில் விழுந்து அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆனது. பிறகு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. பிழைக்க மாட்டாள் என்று டாக்டர் ஜாடையாகச் சொன்ன அன்றைக்கு நான் மடத்து ஆபீஸுக்குப் போய் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். அங்கே இருந்த பெரியவர் நல்ல மனிதர், போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமே என்றுதான் சொன்னார். தடுத்தது யாரும் இல்லை. போக வேண்டாம் என்று முடிவு செய்தவன் அவன்தான். மறுநாள் ஒரு இலையில் சந்தனமும் பூவும் மட்டும் வந்தது, பிரார்த்தனை செய்வதாக ஒரு வரியோடு.

அம்மா அந்தப் பூவைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். நான் வாயில் வந்ததை எல்லாம் பேசினேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அவனைத் திட்டாதேடா. நான் போயிட்டா நீ நேர்ல போய்ச் சொல்லு. போன்ல வேண்டாம், சீட்டெல்லாம் எழுதாதே. உன் வாயால சொல்லு. அந்த ஒரு முழுக்கைப் போடட்டும்."

"சரிம்மா" என்றேன்.

அவள் போனாள். பதின்மூன்று நாள் காரியமும் நான் ஒருத்தனே செய்தேன். கடைசி நாளில் வாத்தியார் எங்கள் குடும்ப வழக்கத்தை ஞாபகப்படுத்தினார்: வருஷம் முடிகிற வரைக்கும் கோயில் வாசப்படி மிதிக்கக்கூடாது, பண்டிகை கூடாது. அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தேன். அம்மா கேட்ட ஒரே ஒரு காரியத்தைத்தான் செய்யவில்லை.

வேண்டுமென்று தள்ளிப்போடவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் அது பொய். இரண்டாம் மாதத்தில் சென்னையிலிருந்து என் ஒன்றுவிட்ட அக்காவும் அத்திம்பேரும் வந்தார்கள், மடத்துக்கு அழைத்துப் போனேன். கோயிலுக்குள் நான் போகக்கூடாதே, அதனால் படித்துறை ஓரம் இருக்கிற மகிழமரத்தடியில் நின்றுகொண்டேன். அங்கிருந்து அவன் மேஜை நேராகத் தெரியும். சொல்லிவிடத்தான் வந்திருந்தேன். அவன் என்னைப் பார்த்தான். அதே தலையசைப்பு. அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று சீட்டு அனுப்பினேனே, இருக்கிறாளா போனாளா என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? ஒரு ஒடியாக் குடும்பத்துக்கு டோக்கன் கவுண்டரைக் கைநீட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். அவனாகக் கேட்கட்டும், கேட்கிற அன்றைக்குச் சொல்கிறேன் என்று அந்த மரத்தடியில் நின்றபடி முடிவு செய்தேன்.

அக்கா வாயைத் திறந்துவிடப் போகிறாளே என்று இன்னொரு காரியமும் செய்தேன். "சந்நியாசிகிட்ட வீட்டு சமாச்சாரம் எதுவும் பேசப்படாது, மடத்து சட்டம்" என்று அவளிடம் சொல்லிவைத்தேன். அப்படி ஒரு சட்டம் நான் பார்த்ததில்லை. அவள் நம்பினாள். போய் அவன் காலில் விழுந்து, பெண்ணுக்கு வரன் அமைய வேண்டும் என்று ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு, அம்மா பேச்சே எடுக்காமல் வந்தாள். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரிடமும் இதையே சொன்னேன். எல்லாரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். எங்கள் ஜனங்களுக்கு மடத்துச் சட்டம் என்று சொன்னால் போதும், என்ன ஏது என்று கேட்க மாட்டார்கள்.

ஒவ்வொரு தடவையும் வீடு திரும்பினதும் என் மனைவி கேட்பாள்: "சொன்னேளா?"

"இன்னிக்குக் கூட்டம் ஜாஸ்தி."

"நாலு மாசமாவா கூட்டம்?"

செருப்பைக் கழற்றிவிட்டு நேராகக் குளிக்கப் போய்விடுவேன். அவளும் விட்டுவிடுவாள். ஆனால் அன்றைக்கு அம்மா படத்துக்கு முன்னால் விளக்கேற்றும்போது கொஞ்சம் சத்தமாக மன்னிப்புக் கேட்பாள், என் காதில் விழும்படி.

ஆறாவது மாதம் அவன் கேட்டான்.

மத்தியானம் கதவு சாத்துகிற நேரம். நான் வழக்கம்போல் மரத்தடியில் நின்றிருந்தேன். மேஜையை விட்டு எழுந்து நேராக என்னிடம் வந்தான். பதினோரு வருஷத்தில் அவனாக என்னைத் தேடி வந்தது அதுதான் முதல் தடவை. தலையில் மயிர் இல்லாததால் அப்பாவின் நெற்றி அப்படியே தெரிந்தது.

"அம்மா எழுந்து நடக்கறாளா?" என்றான்.

இதற்காகத்தானே காத்திருந்தேன். சொல்ல வேண்டியதைக் குளிக்கும்போதும் மெட்ரோவில் போகும்போதும் நூறு தடவை சொல்லிப் பார்த்திருந்தேன். ஆனால் அவன் கேட்டதும், அடுத்த கேள்வி "எப்போ?" என்றுதான் வரும் என்பது எனக்கு உறைத்தது. அரை வருஷம் ஆச்சு என்று எந்த வாயால் சொல்வது? இத்தனை நாளும் அவனைத் தண்டிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நிமிஷம் நான்தான் கையும் களவுமாக மாட்டிக்கொண்டவன் மாதிரி நின்றேன்.

"நடக்கறா" என்றேன்.

அவன் என் முகத்தையே பார்த்தான். "நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதற்கப்புறம் ஆறு மாதம் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். வருகிறவர்களை மெட்ரோவில் ஏற்றிவிட்டு, முழங்கால் வலி என்று சொல்லி வீட்டிலேயே இருக்கப் பார்த்தேன். ஆனால் அவர்களுக்கு மடத்தைவிட மடத்தில் இருக்கிற தம்பிதான் முக்கியம். அண்ணன்காரன் கூட வராவிட்டால் எப்படி? அதனால் போய் அதே மரத்தடியில் நின்றேன். மாசிகத்துக்கு மாசிகம் அம்மாவுக்குப் பிண்டம் வைத்தேன், அதே அம்மா எழுந்து நடக்கிறாள் என்று சொல்லிவிட்டு வந்த கையோடு.

வருஷாப்திகம் முடிந்தது. அடுத்த வாரம் மதுரையிலிருந்து மனைவி வழியில் ஒரு தம்பதி வந்தார்கள். பெரிய ஜவுளிக்கடைக்காரர், கல்கத்தாவுக்கு முதல் தடவை. கோயில் படிக்கட்டருகே போனதும் அவர் என் கையைப் பிடித்து "வாங்கோ" என்று உள்ளே இழுத்தார். தடை எதுவும் இல்லாததால் போனேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு உள்ளே போனவனுக்குக் கும்பிடத் தோன்றவில்லை, தரை குளிர்ச்சியாக இருந்தது என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. கையில் பூவோடு வெளியே வந்தேன். படிக்கட்டின் அடியில் தம்பி நின்றுகொண்டிருந்தான்.

"வருஷம் முடிஞ்சுடுத்தா?" என்றான்.

அவனும் அதே வீட்டில் பிறந்தவன். அப்பா போனபோது ஒரு வருஷம் கோயில் வாசலில் நின்றவன். இதை நான் ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை.

"நீ அந்த மரத்தடியில வந்து நின்ன அன்னிக்கே தெரிஞ்சுது" என்றான். 'நீ' என்றான்.

"தெரிஞ்சு வச்சுண்டா என்கிட்ட கேட்டே?"

"கேட்டா நீ சொல்லிடுவேன்னு நினைச்சேன்."

"அப்பவே போய் முழுகியிருக்கலாமே. யார் பிடிச்சுண்டா?"

"நானா ஊகிச்சுண்டு முழுகறதில்லை அது. ஒருத்தர் சொல்லி நான் கேக்கணும்." கொஞ்சம் நிறுத்தி, "இப்பவாவது சொல்லு" என்றான்.

சண்டை போட எனக்கு நிறைய இருந்தது. வரிசையில் நின்ற அம்மா, இலையில் வந்த பூ, வராத பிள்ளை.

"அம்மா போயிட்டாடா" என்றேன்.

தலையசைத்தான், எப்போதும் எங்களிடம் அசைப்பது மாதிரிதான். திரும்பிப் படித்துறையில் இறங்கினான். காவித் துணியோடு மார்பளவு தண்ணீருக்குப் போய், மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுகினான். எழுந்திருக்கக் கொஞ்சம் நேரம் ஆனது. கரையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். சாமியார் மகராஜே இறங்கிவிட்டார், இன்றைக்கு ஏதோ புண்ணிய நேரம் போலிருக்கிறது என்று நாலைந்து பேர் பர்ஸையும் செல்போனையும் கூட இருந்தவர்களிடம் கொடுத்துவிட்டு அவசரமாக இறங்கினார்கள். மதுரைக்காரர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, "இன்னிக்கு என்ன விசேஷம், சொல்லவே இல்லையே நீங்க?" என்றார்.

அவன் ஈரம் சொட்டச் சொட்ட என்னைக் கடந்து போனான். எப்படிப் போனாள், கடைசியில் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. என்மேல் கோபமும் இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். கால் மணி நேரத்தில் வேறு துணி கட்டிக்கொண்டு வந்து மேஜையில் உட்கார்ந்தான். வரிசையில் முதலில் நின்ற அம்மாள் ஆரத்தி எத்தனை மணிக்கு என்று கேட்டாள். நேரத்தைச் சொன்னான்.

ஒரு முழுக்குக்கு ஆன நேரம் ஒரு நிமிஷம்கூட இருக்காது. அம்மா கேட்டது அதைத்தான். அதை அவளுக்கு ஒரு வருஷம் கொடுக்காமல் வைத்திருந்தவன் அந்த மேஜையில் உட்கார்ந்திருக்கவில்லை.