சரோஜாக்காவின் இரண்டு பைகள்

சரோஜாக்காவுக்கு இரண்டு தோளும் வலிக்கும். இடது தோளில் ரிஜிஸ்டர் பை, வலது தோளில் டேப்லெட் பை. அடி அண்ணாமலையில் அவர் கிராம சுகாதார செவிலியர். நர்ஸம்மா என்றால்தான் ஊருக்குத் தெரியும். நான் எழிலரசி, அதே கட்டடத்தில் அங்கன்வாடி பார்க்கிறேன். எங்களுக்கு நடுவில் இருப்பது பாதிச் சுவர்தான். அவர் பெருமூச்சு விடுவதுகூட எனக்குக் கேட்கும்.

டேப்லெட் கொடுத்த அன்று, இனிமேல் காகிதமே கிடையாது என்றார்கள். நாங்களும் நம்பிக் கைதட்டினோம். அடுத்த மாதமே ஆய்வுக்கு வந்த அதிகாரி, "ரிஜிஸ்டர் எங்கம்மா?" என்று கேட்டார். எல்லாம் டேப்லெட்டில் இருக்கிறது என்றார் அக்கா.

"அது மேல அனுப்புறதுக்கும்மா. நான் வந்தா கையெழுத்துப் போட எனக்கு ஒன்னு வேணும்ல?"

அன்றிலிருந்து எல்லாம் இரண்டு தடவை. கர்ப்பிணியின் எடை, ரத்த அழுத்தம், ஊசி போட்ட தேதி, எல்லாமே முதலில் பேனாவால், பிறகு விரலால். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளத்துக்காவது கச்சேரி முடிந்தால் உறைக்குள் போய்ப் படுக்க முடியும். அக்கா வீட்டுக்குப் போய், சோறு வெந்துகொண்டிருக்கும்போதும் டேப்லெட்டில் ஏற்றிக்கொண்டிருப்பார்.

டேப்லெட்டால் நன்மையே இல்லை என்று சொன்னால் அது பொய். எந்தக் குழந்தைக்கு இன்றைக்குத் தடுப்பூசி, யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று காலையில் அதுவே சொல்லிவிடும். முன்பு அதற்கு அக்கா நாலு ரிஜிஸ்டரைப் புரட்டுவார். ஆனால் அது சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டால், அது சொல்லாதது நம் நினைவுக்கு வருவதில்லை. இது எனக்கு உறைத்தது பிறகுதான்.

அக்காவின் ஒரே மகள் பூஜாவைப் போளூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். வளைகாப்பு முடிந்ததும் வழக்கம்போல முதல் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். பெண் வந்துவிட்டாள், அவள் பெயர் வரவில்லை. டேப்லெட்டில் அவள் புகுந்த வீட்டு ஊரின் பட்டியலில் இருந்தாள். அந்த ஊர் செவிலியர் அங்கிருந்து விடுவித்தால்தான் இந்தப் பட்டியலுக்கு வருவாள். அவரோ மாற்றலாகிப் போய்விட, அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. முன்பெல்லாம் அந்த ஊர் நர்ஸ் ஒரு துண்டுச்சீட்டு எழுதிக் கொடுப்பார். பெண் அதைக் கொண்டுவந்து இங்கே நீட்டுவாள். அதில் பாதிச் சீட்டு பஸ்ஸிலேயே தொலைந்துபோகும் என்பதும் உண்மைதான்.

"பூஜா பேர் வந்துடுச்சாக்கா?" என்று நான் கேட்கும்போதெல்லாம், "வரும் எழிலு, வந்ததும் பாக்க ஆரம்பிச்சிடலாம்" என்பார்.

அந்த மாதக் கடைசியும் பௌர்ணமியும் ஒரே நாளில் வந்து தொலைத்தன. பௌர்ணமி என்றால் எங்கள் ஊரில் டவர் படுத்துவிடும். மலை சுற்ற வந்திருக்கும் அத்தனை பேர் கையிலும் போன் இருக்கிறதே. மாதக் கணக்கை அன்றைக்குள் ஏற்றாவிட்டால் மெமோ வரும். மத்தியானத்திலிருந்து நானும் அக்காவும் அவர் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து, அவர் டேப்லெட்டையும் நான் அங்கன்வாடி போனையும் வானத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தோம். பொழுது சாயும் நேரத்தில் பூஜா டீ எடுத்துக்கொண்டு படியேறி வந்தாள். குனிந்து டம்ளரை வைத்தபோது அவள் காலைப் பார்த்தேன். விரல்கள் வெறுமையாக இருந்தன.

"மெட்டி எங்கம்மா?"

"இறுக்குது அத்த. சோப்பு போட்டுக் கழட்டி வெச்சிட்டேன்."

"எப்பலேர்ந்து?"

"நாலஞ்சு நாளா. அம்மாகிட்ட சொல்லலாம்னு பாத்தேன். அது டேப்ல ஏத்திக்கினே இருக்குது."

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "தலைவலி ஏதாச்சும் இருக்குதா?" என்று கேட்டார். வீடு வீடாகப் போய் எல்லாப் பெண்களிடமும் கேட்கிற அதே குரல்.

"காலைலேர்ந்தும்மா. கண்ணுகூட மங்கலா தெரியுது."

அக்கா நிமிர்ந்தார். டேப்லெட்டை அப்படியே தரையில் வைத்துவிட்டுக் கீழே ஓடினார். ரிஜிஸ்டர் பையைத் தலைகீழாகக் கொட்டி, அடியில் கிடந்த பிரஷர் கருவியை எடுத்துவந்து மகளின் கையில் சுற்றினார். நூற்று அறுபதுக்கு நூற்றுப் பத்து. கழற்றி மறுபடி சுற்றினார். அதேதான் காட்டியது. கர்ப்பிணிக்கு வலிப்பு வரக்கூடிய அளவு அது.

போன் எங்கும் போகவில்லை. கிரிவலப் பாதை மருத்துவ முகாமில் நின்ற ஆம்புலன்ஸுக்கு நான் ஓடினேன். அரோகரா சொல்லிக்கொண்டு வந்த ஜனம் ஒதுங்கி ஒதுங்கி வழிவிட, திருவண்ணாமலை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

படிப்பவர்கள் பதற வேண்டாம். தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். பிள்ளை இப்போது குப்புற விழுகிறான். ஆனால் அன்று வார்டு வாசலில் நடந்ததை என்னால் மறக்க முடியவில்லை. பணியில் இருந்த சின்னப் பெண், பேனாவும் தாளுமாக வந்து பூஜாவிடம் கேட்டாள்.

"ஊர்ல எந்த நர்ஸம்மா பாக்குறாங்க?"

பூஜா அம்மாவைப் பார்த்தாள்.

"கடைசியா எப்ப பிரஷர் பாத்தாங்க?"

"வளைகாப்புக்கு முன்ன, அந்த ஊர்ல பாத்தாங்க" என்றாள் பூஜா.

அந்தப் பெண் எழுதிக்கொண்டு உள்ளே போனாள். ஊசி போட்டு, பிரஷர் இறங்குகிறது என்று டாக்டர் வந்து சொல்லும்வரை அக்கா உட்காரவில்லை. பிறகு பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தோளில் எந்தப் பையும் இல்லாமல் அவரை அன்றுதான் பார்த்தேன்.

"ரெண்டு மாசமா என் பக்கத்துலதான் படுத்திருந்தா, எழிலு. டேப்லயும் அவ பேர் இல்ல, ரிஜிஸ்டர்லயும் இல்ல. நானும் பாக்கல."