பெரகலையில் நின்றுபோன பாலன்

பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு மகளிடமிருந்து அழைப்பு வந்தது. நத்தாருக்கு, கிறிஸ்து பிறப்புக்கு, முந்திய நாள். மனைவி அச்சுமுறுக்குக்கு எண்ணெய் காய வைத்திருந்தாள். நான் குடிலுக்கு மானாப்புல் அறுத்துக் கட்டி, அப்போதுதான் கை கழுவியிருந்தேன்.

“அப்பா, பெரகலைக்கிட்ட ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்கு. பஸ் போகாதாம். எறங்கி நடந்துபோய் அந்தப் பக்கம் வேற பஸ் ஏறணுமாம். வைக்கிறேன்பா.”

அவ்வளவுதான். நான் திரும்ப அழைத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை.

வேறொரு வருடமாக இருந்தால் மண் சரிந்தது என்ற செய்தி எனக்கு இப்படி இருந்திருக்காது. மலைநாட்டில் பிறந்தவனுக்கு அது மழைக்காலத்தில் கேட்கும் பேச்சு. ஆனால் போன மாதம் பெய்த மழையில் நான் படிப்பிக்கும் பாடசாலைக்குப் பின்னாலிருந்த சரிவு, தேயிலைச் செடிகள் நின்றது நின்றபடியே கீழே இறங்கியதைப் பார்த்தவன் நான். பாடசாலைச் சுவர் தப்பியது, பிள்ளைகள் தப்பினார்கள். அந்த ஓசை மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. இப்போதும் கூரைத் தகரத்தில் மழை விழுந்தால் எழுந்து வெளியே போய் மலையைப் பார்த்துவிட்டு வந்தால்தான் உட்கார முடிகிறது.

அந்த மழையில் எங்கள் சின்னக் கத்தோலிக்கக் கோவில்தான் எல்லோருக்கும் வீடாக இருந்தது. பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் வழியில், தோட்டத்துக்குள் இருக்கும் கோவில் அது. தொழிலாளர் வரிசை வீடுகளான கீழ் லயத்துச் சனங்கள் பாயும் பானையுமாக வந்து இருக்கை வாங்குகளுக்கிடையில் படுத்தார்கள். அநேகம் பேர் சைவர்கள். அவர்களில் ஒருத்தியின் சிறு மகள், உள்ளறைப் பெட்டிக்குள் இருந்த பாலன் இயேசுவின் சுரூபத்தைக் கண்டெடுத்து, கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கியிருக்கிறாள். விடிந்தபோது பாலனின் வலது கை முழங்கையோடு கழன்றிருந்தது.

அந்தத் தாய் உடைந்த கையை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு என்னிடம் வந்தாள். “சேர், எம்புள்ள சாமி கைய ஒடச்சிருச்சுங்க. என்ன பரிகாரம் செய்யணும்?”

பக்கத்தில் நின்ற பங்குத்தந்தைதான் சிரித்தார். “பரிகாரம் என்னம்மா. அந்த மழையில அவரும் பயந்துதான் கெடந்திருப்பாரு. கட்டிப் புடிச்சுக்க ஒரு ஆளு கெடச்சதேன்னு நெனச்சிருப்பாரு.”

பாதை திறந்ததும் எங்களைப் பார்க்க ஓடிவந்த மகள், திரும்பும்போது சுரூபத்தைக் கொழும்புக்குக் கொண்டுபோனாள். அவள் அங்கே தாதியாகப் பயிற்சி பெறுகிறாள். விடுதிக்குப் பக்கத்தில் சுரூபங்களுக்குக் கை கால் ஒட்டி, வர்ணம் பூசிக் கொடுக்கும் ஒருவர் இருந்தார். நத்தாருக்கு வரும்போது பாலனையும் கொண்டுவருவதாக ஏற்பாடு. ரயில் பாதை இன்னும் சரியாகாததால் பஸ்ஸில்தான் வர வேண்டும். நான் தினமும் போனில் அதையே சொன்னேன். பைக்குள் போடாதே. மேல் தட்டில் ஏற்றாதே. காலடியில் வைத்துவிடாதே. மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வா.

எங்கள் கோவிலில் ஒரு வழக்கம் உண்டு. நத்தாருக்கு முந்திய திருவருகைக் காலம் முழுவதும் பாலன் வீடு வீடாகப் போவார். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மாலை செபமாலை, பிறகு பிளேன்டீ, பலகாரம். நத்தார்ப் பூசையில் வானவர் கீதம் தொடங்கும்போது, கடைசியாக அவரை வைத்திருந்த வீட்டார் வாசலிலிருந்து ஏந்திவந்து வெறுமையாக இருக்கும் குடிலில் கிடத்துவார்கள். இம்முறை பாலன் கை ஒட்டப் போயிருந்ததால் வீடுகளுக்குப் போகவில்லை. ஆனாலும் கடைசி முறை எங்களுடையது.

நான் அழைத்துக்கொண்டே இருந்தேன்.

“என்னங்க, நீங்க அடிச்சு அடிச்சே அவ போன்ல சார்ஜ் எறங்கிரும். இங்க வந்து முறுக்க எண்ணுங்க, புண்ணியமாப் போகும்.”

சிறிது நேரத்தில் போன் அணைந்துவிட்டதென்று பதிவு செய்த பெண்குரல் மூன்று மொழியிலும் சொன்னது. மனைவியிடம் சொன்னேன். நான் சொன்னேனே என்று சொல்லிக்காட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ மாவில் தோய்க்காமலேயே அச்சை எண்ணெய்க்குள் விட்டாள், எடுத்தாள், மறுபடியும் விட்டாள்.

பாதை நிலைமைக்காகப் பங்குத்தந்தை இவ்வருடம் நடுச்சாமப் பூசையை மாலை ஆறு மணிக்கு மாற்றியிருந்தார். கோவில் முற்றத்தில் எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான். “சேர், பாலன் வந்துட்டாரா?” பாலனை யார் கொண்டுவருகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அவளைப் பற்றிக் கேட்கத் தயங்கினார்கள் என்று பிறகு புரிந்தது. அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது.

பங்குத்தந்தை மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, நனைந்த மேலங்கியைக் கழற்றியபடி வந்தார். மனைவி கைப்பையிலிருந்து ஒரு கைலேஞ்சியை எடுத்து விரித்தாள். உள்ளே எங்கள் வீட்டுக் குடிலின் பிளாஸ்டிக் பாலன், கட்டைவிரல் அளவு.

“ஃபாதர், இப்போதைக்கு இத வைப்போமா? பெரியவர் வந்ததும் மாத்திக்கலாம்.”

“வேணாம்” என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது.

“ஏன் சேர்?”

அந்த இடத்தில் வேறொன்றை வைத்தால், மகள் வரமாட்டாள் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போலாகும் என்று தோன்றியது. படித்தவன் சொல்லக்கூடிய காரணமா அது? பங்குத்தந்தை கைலேஞ்சியை மடித்து மனைவியின் கையில் வைத்தார்.

“சரி, அப்பிடியே இருக்கட்டும். மாதாவும் சூசையப்பரும் இன்னுங் கொஞ்சம் காத்திருப்பாங்க. அவங்களுக்கும் ரோடு சரியில்லாமத்தானே இருந்துச்சு.”

பூசை தொடங்கியது. கடைசி வாங்கில் கீழ் லயத்துத் தாய் மகளோடு உட்கார்ந்திருந்தாள். பாலனுக்கென்று கொண்டுவந்த செவ்வந்திப் பூக்கள் மடியில் இருந்தன. ஒட்டிய கையைத் தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போவாளாம்.

வானவர் கீதம் வந்தது. மணிகள் அடித்தன. பழக்கத்தில் எல்லாத் தலைகளும் வாசல் பக்கம் திரும்பின. அங்கே வெள்ளையாகப் பனிமூட்டம் மட்டும் நின்றது. பாட்டை யாரும் நிறுத்தவில்லை. பாடி முடித்து, வெறும் குடிலைப் பார்த்தபடி உட்கார்ந்தோம். குடிலில் நான் பரப்பிய மானாப்புல் நன்றாகத்தான் இருந்தது.

பிரசங்கத்தில் ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை. தகரத்தில் மழை விழத் தொடங்கியதும் நான் எழுந்தேன். மனைவி என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

“ஒக்காருங்க.”

“மலையப் பாத்துட்டு வந்துர்றேன்.”

“மல அங்கதான் இருக்கும். ஒக்காருங்க.”

அவள் கை என் கையைப் பிடித்துக்கொண்டது. தேங்காயெண்ணெய் வாசம். விரல்கள் வலிக்கும்படி இறுக்கினாள். அதுவரைக்கும் நான் மட்டும்தான் பயந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

முச்சக்கர வண்டி ஒன்று மேடேறித் திணறும் சத்தம் மழைக்குள் கேட்டது. கடைசி வாங்கில் அந்தத் தாய் பூக்களோடு எழுந்து நின்றாள். பங்குத்தந்தை பேச்சை நிறுத்தினார்.

மகள் நடுவழியே வந்தாள். முழங்கால் வரை சேறு. முதுகில் பை ஒரு பக்கம் தொங்கியது. போட்டிருக்க வேண்டிய ஸ்வெட்டரைப் பாலனுக்குச் சுற்றிவிட்டு, மெல்லிய சட்டையில் பல் கிட்டிப்போய், அவரை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்திருந்தாள். ஸ்வெட்டருக்கு வெளியே புது வர்ணம் பூசிய சின்னக் கை நீட்டிக்கொண்டிருந்தது.

ஏன் அழைக்கவில்லை, எங்கே இருந்தாய், யாருடைய போனிலாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்க எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்தேன். அவளுக்கு முன்னால் போய் நின்றதும் அவள் பாலனை நீட்டினாள்.

“மொதல்ல இவரப் புடிங்கப்பா” என்றாள். “ரெண்டு கையும் மரத்துப் போச்சு. நீங்க சொன்ன மாதிரியே, எங்கயும் கீழ வைக்கல.”