கன்ட்ரோல் குரூப் மார்த்தாள்

உத்திரமேரூரை அடுத்த ஒரு காலனியில் இருக்கிறாள் மார்த்தாள். நடவு, களையெடுப்பு, அதுவும் இல்லாவிட்டால் நூறு நாள் வேலை. போன வருடம் மனக்கவலையைப் பற்றி ஆய்வு செய்ய வந்த கல்பனா என்ற கல்லூரிப் பெண் அவளிடம் கேட்டாள்:

"மனக்கவலைன்னா, காரணமே இல்லாம நெஞ்சு படபடக்கிறது. உங்களுக்கு அப்படி வருமாம்மா?"

"காரணம் இல்லாம எதுக்கும்மா வரணும்? காரணந்தான் நெறையக் கீதே."

கல்பனா பாதிப் பெண்களை மூச்சுப் பயிற்சி வகுப்பில் சேர்த்தாள். மார்த்தாளும் மீதிப் பேரும் கன்ட்ரோல் குரூப். "அப்படின்னா, உங்களுக்கு நாங்க எதுவும் செய்ய மாட்டோம். நீங்க எப்பவும் போலவே இருக்கணும். உங்களை வெச்சுத்தான் மத்தவங்க எவ்வளவு மாறினாங்கன்னு பார்ப்போம்" என்று விளக்கினாள்.

மற்றவர்கள் அன்றே மறந்துவிட்டார்கள். மார்த்தாளுக்கு அது பெரிய பொறுப்பாகப் பட்டது. ஒழுகுகிற கூரைக்குக் கணவன் ஆல்பர்ட் புது ஷீட் வாங்கி வந்தபோது, ஆய்வு முடியும்வரை மேலே ஏறக்கூடாது என்று ஏணியைப் பிடுங்கி வைத்தாள். மழைக்கு வழக்கமான குண்டானையே வைத்தாள்.

சிக்கல் பக்கத்து வீட்டு அம்முலுவால் வந்தது. அவள் கோழிகள் மார்த்தாளின் கேழ்வரகைக் கொத்தும். தினமும் காலையில் சண்டை நடக்கும். மூச்சுப் பயிற்சிக்குப் போன அம்முலு சாந்தமாகிவிட்டாள். திட்டினால் கண்ணை மூடி மூச்சை இழுத்தாள்.

"இன்னாடி இப்டி நின்னுக்கினு கீற? எப்பவும் போல திட்டு. இல்லாட்டி என் கன்ட்ரோல் பூடும்."

"எனுக்குக் கோவமே வர்லக்கா."

"வந்த மாதிரி திட்டேன்டி. உனுக்கு இன்னா கொறைஞ்சிடப் போவுது?"

பார்க்கப் பாவமாக இருந்ததால் அம்முலு ஒத்துக்கொண்டாள். வகுப்புக்குப் போகுமுன் தினமும் வந்து திட்டினாள். வசவு தீர்ந்தால் மார்த்தாளே எடுத்துக் கொடுத்தாள். முடிந்ததும் இருவரும் டீ குடித்தார்கள்.

கல்பனா திரும்பி வந்து பார்த்தபோது, எல்லோரையும்விடக் கவலை குறைந்திருந்தது மார்த்தாளுக்குத்தான். விசாரித்துத் தெரிந்துகொண்டதும் கல்பனா தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"நம்மளைக் கவனிக்கிறாங்கன்னு தெரிஞ்சாலே ஆளுங்க மாறிடுவாங்க. அதுக்குக் கவனிப்பு விளைவுன்னு பேரும்மா. உங்களைக் கணக்குல சேர்க்க முடியாது."

"அப்ப நானு எந்த குரூப்பு?"

"எதுலயும் இல்லம்மா. நீங்க தனி."

இதற்கு வருத்தப்படுவதா பெருமைப்படுவதா என்று மார்த்தாளுக்குப் பிடிபடவில்லை. கடைசியில் பெருமை என்றே முடிவு செய்தாள். ஞாயிற்றுக்கிழமை போதகரிடம் போய், தனக்குக் கவனிப்பு விளைவு வந்திருப்பதைச் சபையில் அறிவிக்கச் சொன்னாள். அவர் நோயாளிகளுக்கான ஜெபத்தில் அவள் பெயரையும் சேர்த்துக்கொண்டார்.