ஏழாவது காட்சியில் கேட்ட குரல்

பிள்ளையார்பாளையத்தில் துர்காதேவியின் வீடு எது என்று கேட்டால், “டிவிடி போடுறவங்க வீடா?” என்று திருப்பிக் கேட்பார்கள். கணவர் திருஞானசம்பந்தம் பின்னறையில் தறியில் உட்கார்ந்திருப்பார், அவள் முன்னறையில் கம்ப்யூட்டர் முன்னால். பதினெட்டு வருஷமாக இப்படித்தான். கல்யாணமோ கோயில் உற்சவமோ, எந்த வடிவத்தில் வந்த வீடியோவையும் பிளேயர் படிக்கிற மாதிரி மாற்றி, மெனு அமைத்து, டிவிடி தட்டில் எழுதிக் கொடுப்பாள். முழுசாக ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் எந்தத் தட்டும் அவள் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை.

போன ஆவணியில் நித்யா வந்தாள். திருப்புட்குழிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்து ஜைனக் குடும்பம். அம்மா ஜ்வாலாமாலினி இறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அப்பா அனந்தநாதனுக்குப் போன் பார்க்க வராது, ஆனால் வீட்டில் பழைய டிவிடி பிளேயர் இருந்தது. அம்மாவைப் போனில் எடுத்த ஒன்பது வீடியோக்களை அதில் பார்க்கும்படி செய்து தர வேண்டும் என்றாள். ஏழாவதில் மட்டும் சத்தம் வராது, போன் தண்ணீரில் விழுந்த பிறகு எடுத்தது என்றும் சொன்னாள்.

வீடியோவுக்கு ஒலி இல்லாவிட்டால் சில பிளேயர்கள் திணறி நின்றுவிடும். அதனால் துர்காதேவி ஏழாவதின் நீளத்துக்கே ஓசை இல்லாத ஒலித்தடம் ஒன்றைச் சேர்த்து, தட்டில் எழுதி, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுப் பார்த்தாள்.

ஏழாவது காட்சியில் அந்த அம்மாள் முற்றத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்திக் கேமராவைப் பார்த்தார். வாய் அசைந்தது.

“அக்கா, கதவத் தொற.”

அது கலைவாணியின் குரல். துர்காதேவியின் தங்கை. வீட்டுக்குப் பிடிக்காதவனைக் கட்டிக்கொண்டு போனவள், பத்தொன்பது வருஷத்துக்கு முன் ஒரு மழைநாளில் திரும்பி வந்து கதவைத் தட்டினாள். அப்பா கூடாது என்றார். துர்காதேவி உள்ளே தாழ்ப்பாளில் கை வைத்தபடியே நின்றாள், திறக்கவில்லை. அதன்பிறகு தங்கையை யாரும் பார்க்கவில்லை.

கம்ப்யூட்டரில் அந்த ஒலித்தடத்தைத் திறந்து பார்த்தாள். ஒரு சின்ன மேடுகூட இல்லாத நேர்க்கோடு. வேறு தட்டில், வேகத்தைக் குறைத்து மறுபடி எழுதினாள். அதிலும் அதே குரல். தறியிலிருந்து கணவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

“ஒண்ணும் கேக்கலியே. வாயி மட்டும் அசையுது” என்றார் அவர். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குக் கேட்டது.

நித்யா தட்டை வாங்க வந்தபோது, ஏழாவதை எடுத்துவிடலாமா என்று துர்காதேவி மெல்லக் கேட்டுப் பார்த்தாள். வரிசையில் ஏழாவது என்றாலும் அதுதான் அம்மாவைக் கடைசியாக எடுத்தது என்று நித்யா சொன்னதும் அப்படியே கொடுத்துவிட்டாள்.

பத்து நாள் கழித்து நித்யா போன் செய்தாள். ஏழாவதில் என்ன சேர்த்தீர்கள் என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். தினமும் சாயங்காலம் அப்பா அதைப் போடுகிறாராம். அந்த இடம் வந்ததும் “தோ வரேன்” என்று எழுந்து போய்ச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துவிடுகிறாராம். அவளுக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.

துர்காதேவி மறுநாளே அவர்கள் வீட்டுக்குப் புறப்பட்டுப் போனாள். வெயில் தாழ ஆரம்பித்திருந்தது. பெரியவர் அவளைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு ரிமோட்டை அழுத்தினார். கடலை உரித்த அம்மாள் நிமிர்ந்தார். கலைவாணி கதவைத் திறக்கச் சொன்னாள்.

“பொழுது சாயறதுக்குள்ள வந்து சாப்டச் சொல்றா” என்றார் அனந்தநாதன். இருட்டிய பிறகு சாப்பிடுகிற வழக்கம் அவர்கள் வீட்டில் இல்லை. பிறகு துர்காதேவியின் முகத்தைப் பார்த்தார். “உனக்கு வேற கேட்டுக்கினு இருக்குது. இல்லம்மா?”

அவள் தலையாட்டினாள். அவர் எழுந்து சாப்பிடப் போனார்.

வாசல்வரை வந்த நித்யா, அம்மா போனதிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிட்டதே இல்லை, இப்போதுதான் சாப்பிடுகிறார் என்றாள். தேய்ந்துபோனால் வேண்டுமே என்று இன்னும் இரண்டு தட்டு கேட்டாள்.

துர்காதேவி கலைவாணியைத் தேடாமல் இல்லை. தங்கை கணவனின் சொந்தக்காரி ஒருத்தி ஐயம்பேட்டையில் இருப்பது தெரிந்து போய்ப் பார்த்தாள். அவர்கள் ஆரணிப் பக்கம் போனார்கள், அதற்கு மேல் தெரியாது என்று அவள் கையை விரித்தாள்.

நித்யா கேட்ட இரண்டு தட்டுகளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுதினாள். வழக்கம்போல இரண்டையும் முழுசாக ஓட்டிப் பார்த்தாள். ஏழாவது வந்தபோது சத்தத்தைக் குறைக்க ரிமோட்டை எடுத்தவள், அப்படியே கீழே வைத்துவிட்டாள்.

முதல் தட்டில் குரல் எப்போதும்போல டிவியிலிருந்து வந்தது. இரண்டாவதில் வாசல் கதவுக்கு வெளியிலிருந்து வந்தது.