சாரல் காற்றில் வைத்த மருந்து

எம்.ஃபார்ம் படிக்கும்போது என் ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது தண்ணீரோடு சேராத ஒரு மருந்து. வலிப்புக்குக் கொடுப்பது. அதன் பொடியைத் தண்ணீரில் தூவினால் முகப்பவுடர் சிந்திய மாதிரி மேலேயே மிதக்கும். கரையாத மருந்து வயிற்றுக்குள் போய் என்ன செய்யும்? பாதி சும்மா வெளியே போகும். அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் அக்கா பள்ளிக்கூட வயதிலிருந்து இதைத்தான் விழுங்குகிறாள். அதனால் இந்தத் தலைப்பை நானே கேட்டு வாங்கினேன்.

வேலை கேட்பதற்கு எளிது. மருந்துத் துகள் ஒவ்வொன்றின் மேலும் தண்ணீரை இழுக்கிற ஒரு பூச்சைப் பூச வேண்டும். பூச்சு கரையும்போது மருந்தும் கூடவே கரையும். சித்திரை வெயிலில், பாளையங்கோட்டையில் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் முதல் முறை பூசிக் காய வைத்தேன். உடம்புச் சூட்டில் வைத்த தண்ணீரில் போட்டதும் கண்ணெதிரே காணாமல் போயிற்று. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. என் வழிகாட்டிப் பேராசிரியர் அன்றைக்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

ஆனியில் இரண்டாம் முறை பூசினேன். அதற்குள் குற்றாலத்தில் சீசன் தொடங்கி, மேற்கிலிருந்து சாரல் காற்று வந்துவிட்டது. அக்னி நட்சத்திரத்தில் வெந்து கிடந்த எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தக் காற்று வந்துவிட்டால் ஜன்னலைச் சாத்தத் தெரியாது. ஆய்வக உதவியாளர் அண்ணாச்சி ஏசியை அணைத்துவிட்டு எல்லா ஜன்னலையும் திறந்தார். நான் தடுத்தேனா? மருந்துத் தட்டை ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்ததே நான்தான். காற்றில் சீக்கிரம் காயும் என்று நினைத்தேன். தண்ணீரை இழுக்கும் பூச்சு காற்றின் ஈரத்தையும் இழுக்கும் என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் செய்த காரியம் இது. மூன்றாம் நாள் பார்த்தால் எல்லாம் பிசுபிசுவென்று ஒட்டிக் கட்டியாகிக் கிடந்தது. தண்ணீரில் போட்டபோது கட்டிகள் அடியில் போய் உட்கார்ந்துகொண்டன.

பேராசிரியர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டு மறுபடி செய், கட்டியானதைப் பற்றி ஆய்வேட்டில் மூச்சு விடாதே என்றார். மறுபடி செய்தேன். மூடிய அறையில் செய்தது அருமையாகக் கரைந்தது. ஆனால் கட்டியானதையும் ஒரு பக்கம் எழுதி, ஈரக்காற்றில் இந்தப் பூச்சு தாங்காது என்று முடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அந்தப் பக்கத்தை உருவி மேசைமேல் போட்டார்.

"ஜன்னலத் தொறந்து போட்டது ஒன் தப்பும்மா. மருந்து மேல ஏன் பழியப் போடுத?"

"எங்க அக்கா வீட்டுலயும் ஜன்னலச் சாத்த மாட்டாங்க, சார். மாத்திரைய அட்டையிலேர்ந்து பிரிச்சு டப்பாவுல போட்டு, மூடாம அடுக்களை ஜன்னல்லதான் வைப்பா."

அந்தப் பக்கம் இருந்தால் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். கையெழுத்து இல்லாமல் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது, பட்டமும் கிடையாது. தினமும் காலையில் பஸ்ஸைவிட்டு இறங்கி நேரே அவர் அறை வாசலில் போய் நின்றேன். கூடப் படித்தவர்கள் ஒரு பக்கம்தானே, எடுத்துவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்றார்கள். எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. வீட்டில் முதல் பட்டதாரி நான்தான். ஆனாலும் என் அக்கா விழுங்கப்போகிற மருந்தைப் பற்றி அரைகுறையாக எழுதி, அதற்குப் பட்டம் வாங்க எனக்கு மனசு வரவில்லை. சமர்ப்பிக்கும் கடைசி நாள் சாயங்காலம், அந்தப் பக்கத்தோடேயே, என் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டி அந்தப் பக்கத்தில்தான் நிறுத்தினார். தோற்றுப்போனதை எதற்கு எழுதினாய் என்று கேட்டார். விழுங்குகிறவர்களுக்காக என்றேன். அவர் பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. மதிப்பெண்ணைக் குறைத்தார்கள், முதல் வகுப்பு போயிற்று. போகட்டும். அந்த ஆய்வேடு இன்றைக்கும் கல்லூரி நூலகத்தில் இருக்கிறது. யாராவது அந்தப் பக்கத்தைக் கிழித்திருக்கிறார்களா என்று வருஷத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.