ரெண்டு பிள்ளைக்கு ஒரு குப்பி

சிலமலை சண்முகத்தாய்க்கு இருந்த வயித்தெரிச்சல்ல ஊருக்கே சோறு பொங்கலாம். எல்லார் மேலயும் இல்லை, ஓரகத்தி ஜக்கம்மா மேல மட்டும்தான். ஜக்கம்மாவுக்கு மலையில ஏலத்தோட்டம் இருந்துச்சு, கழுத்துல கெட்டியாச் சங்கிலி கிடந்துச்சு. அட, அதெல்லாம் கிடக்கட்டும்னு விட்டுருவா சண்முகத்தாய். அவளால பொறுக்க முடியாதது ஒண்ணே ஒண்ணுதான். ஜக்கம்மா மகன் அழகுமலை உசுரோட இருந்தான்.

எழுபதாம் வருசம் எல்லாரும் ஒரே வீட்டுல இருந்தாக. அழகுமலைக்கும் சண்முகத்தாய் மகன் சுருளிவேலுக்கும் அஞ்சு வயசு. ரெண்டு பேருக்கும் சேர்ந்தாப்புல மணல்வாரி போட்டுச்சு. டவுன்ல தட்டம்மைங்கிறாகளே, அதுதான். ஆத்தா வந்திருக்கா, டாக்டர்ட்டப் போகக் கூடாதுன்னு ஒரே பாயில வேப்பிலை பரப்பிப் படுக்க வச்சாக. சுருளிவேலுக்கு நெஞ்சுல சளி கட்டி மூச்சு வாங்குச்சு. போயிட்டான். அவன் காரியம் முடிஞ்ச கையோட அழகுமலைக்குக் குணமாகித் தலைக்குத் தண்ணி ஊத்தினாக.

ஊர் வாய் சும்மா இருக்குமா? "ஜக்கம்மா சுத்தபத்தமா இருந்தா, ஆத்தா பிள்ளையக் குடுத்துட்டுப் போனா"ன்னு பேசுச்சு. அப்ப சண்முகத்தாய் என்ன அசுத்தமா இருந்தாளா? ஜக்கம்மாவாவது "அப்படிச் சொல்லாதீக"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லலை.

அப்புறம் வீட்டைப் பிரிச்சு நடுவுல சுவர் வச்சாக. சுவர் வச்சா கண்ணு தெரியாமப் போகுமா? அழகுமலை பள்ளிக்கூடம் போனான், பார்த்தா. மீசை முளைச்சுச்சு, பார்த்தா. ஜீப்பு ஓட்டப் பழகினான், அதையும் பார்த்தா. அவ பார்த்த அன்னைக்கெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் உப்பும் மிளகாயும் சுத்தி அடுப்புல போடுற சத்தம் கேட்கும். 'போடுடி, போடு. மூட்டை மூட்டையாப் போடு'ன்னு பல்லைக் கடிப்பா சண்முகத்தாய். அவனுக்குக் கல்யாணமாகி ஆம்பளப் பிள்ளையும் பிறந்தப்போ ரெண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கலை.

எண்பத்தெட்டுல, மலையில கூலிக்காரங்க தங்குற லயத்துல மணல்வாரி பரவுதுன்னு லோடு இறக்க வந்த ஜீப்புக்காரன் சொல்லிட்டுப் போனான். அன்னைக்குன்னு பார்த்து நர்சு லில்லி ஐஸ் டப்பாவைத் தூக்கிக்கிட்டு ஊருக்கு வந்தா. மணல்வாரிக்குத் தடுப்பூசியாம். ஊர்ல பாதிப் பேர் ஆத்தாவுக்கு ஆகாதுன்னு கதவைச் சாத்திக்கிட்டாக. ஜக்கம்மா மட்டும் பேரனைத் தூக்கிக்கிட்டு ஓடினா.

ஓடின வேகத்துல திரும்பி வந்தா. நேரா சண்முகத்தாய் வாசல்ல நின்னா. சண்முகத்தாய் மகளும் அப்பப் பத்து மாசப் பொம்பளப் பிள்ளையோட தாய்வீட்டுக்கு வந்திருந்தா.

"தாயி, உன் பேத்தியத் தூக்கிட்டு வெரசா வா. ஊசி மருந்துப் பொடியத் தண்ணியில கலந்துட்டா இன்னைக்குள்ள போட்டுறணுமாம். ஒரு பிள்ளைக்குன்னு உடைச்சா மிச்சம் வீணாப் போகும், ரெண்டு பிள்ளையாவது வேணும்ங்குறா நர்சு."

சண்முகத்தாய் முறத்தைக் கீழ வைக்கலை. "எனக்குச் சோலி கிடக்கு."

"அவ அடுத்த பஸ்சுக்குப் போயிருவா தாயி!"

"போகட்டும். உனக்கு எதுக்குக்கா ஊசி? நீதான் சுத்தபத்தமானவளாச்சே. உன் வீட்டுப் பிள்ளைய ஆத்தா தொட மாட்டாளே!"

சொல்லிட்டு அரிசியைப் புடைச்சா. இத்தனை வருசத்துல ஜக்கம்மா இவ வாசல்ல கையேந்தி நிக்கிறது இதுதான் முதத் தடவை. அடடா, அந்தச் சொகம்!

ஜக்கம்மா அப்படியே உக்காந்துட்டா. "சுத்தமும் இல்ல, மண்ணும் இல்ல தாயி. நீ செஞ்சதத்தான் நானும் செஞ்சேன். ஒரே பாயி, ஒரே வேப்பிலை. எம்பிள்ள ஏன் பிழைச்சான்னு எனக்கே தெரியாது. தெரியாமத்தான் இப்பப் பயந்து சாகுறேன்."

முறம் நின்னு போச்சு. உள்ளே பேத்தி சிணுங்கினா. அவ பேரன் எக்கேடும் கெடட்டும், என் பேத்திக்குச் சளி கட்டினா? சண்முகத்தாய் பிள்ளையை இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டு, ஜக்கம்மாவுக்கும் முன்னால நடந்தா.

லில்லி குப்பியை உடைச்சா. ரெண்டு பிள்ளையும் வீறிட்டு அழுதுக. ஊசி இழுத்த நேரந்தான், அவ்வளவுதான் சோலி.

"இம்புட்டுத்தானா?"ன்னு கேட்டா சண்முகத்தாய். "இது எப்ப வந்துச்சு நர்சம்மா?"

"இங்கிட்டு இப்பத்தான் ரெண்டு மூணு வருசமா வருது. வெளிநாட்டுல இருபது வருசத்துக்கு மேலயே இருக்குதுங்கம்மா."

"எழுபதுல இருந்துச்சா?"

"இருந்துச்சு."

சண்முகத்தாய் பேத்தியை இடுப்புல ஏத்திக்கிட்டு வீட்டுக்கு நடந்தா. அன்னையிலருந்து அழகுமலை ஜீப்புல போனா அவ திரும்பிக்கூடப் பார்க்கிறதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் உப்பு வெடிக்கிறதும் நின்னு போச்சு. பொறாமை மட்டும் போகலை. எந்தத் தேசமோ, என்ன பேரோ, எழுபதுல அஞ்சு வயசுப் பிள்ளைக்கு இந்த ஊசியைப் போட்டுட்டு நிம்மதியா வீட்டுக்குப் போன ஒரு தாய்க்காரி இருந்திருப்பாள்ல, சாகுற மட்டும் அவளை நினைச்சுத்தான் எரிஞ்சா.